அப்பளம் ஏன் நொறுங்குகிறது என்று கல்லூரியிடம் கேட்பது எப்படி?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் என் மாமனார் தொடங்கிய அப்பளக் கம்பெனியை 7 வருடமாக நான் நடத்தி வருகிறேன். 18 பேர் வேலை செய்கிறார்கள். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் காயப்போடுகிறோம், தொல்லை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் டிரையரில்தான் போட வேண்டும். அதில் காய்ந்த அப்பளம் பாக்கெட் போடும்போது நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டு, கடைக்குப் போவதற்குள் நொறுங்கிவிடுகிறது. போன கார்த்திகையில் கேரளாவுக்கு அனுப்பிய சரக்கில் பாதி திரும்பி வந்தது. கல்லூரிகளிடம் கேட்டால் வழி சொல்வார்கள் என்கிறார்கள். 3 வருடத்துக்கு முன்பு ஒரு கல்லூரியிலிருந்து 4 மாணவர்கள் வந்தார்கள். 25,000 ரூபாய் கொடுத்தோம். சென்சார் வைத்த ஒரு பெட்டி செய்து, சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்டி பரணில் கிடக்கிறது. "படிச்ச பிள்ளைகளுக்கு அப்பளத்தப் பத்தி என்ன தெரியும்" என்று மாமனார் அப்போதே சொன்னார். மறுபடியும் கல்லூரியை நம்பலாமா? யாரிடம் போவது? எவ்வளவு செலவாகும்? எங்கள் மாவுப் பக்குவம் வெளியே போய்விடாதா?

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'பாக்கெட் போடும்போது நன்றாக இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் விரிசல் விடுகிறது.' இதை அந்த 4 மாணவர்களிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். 'மழைக்காலத்தில் அப்பளம் சரியாக வருவதில்லை, ஏதாவது செய்து கொடுங்கள்' என்று சொல்லியிருப்பீர்கள். அவர்களும் ஏதாவது செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். கல்லூரியில் தொழில் தொடர்புப் பணிக்கு வருவதற்கு முன் 11 வருடம் கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு டூல் ரூம் வைத்திருந்தேன். எவர்சில்வர் தட்டு, மூடிகளுக்கு டை என்கிற வெட்டு அச்சு செய்து, நாங்களே பிரஸ்ஸில் அடித்தும் கொடுப்போம். முதல் முறை வந்த மாணவர்களிடம், "எங்க செலவக் குறைக்க வழி சொல்லுங்கப்பா" என்றேன். மூன்று மாதம் வந்து போனார்கள். கடைசியில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடிமனான அறிக்கை கொடுத்தார்கள். அதில் என் பட்டறைக்கு உதவுகிற ஒரு பக்கம்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்ல. நான் கேட்டது கேள்வியே இல்லை.

அடுத்த வருடம் இன்னொரு கல்லூரியிலிருந்து இரண்டு மாணவிகள் வந்தார்கள். அப்போது எனக்கு ஒரு தலைவலி இருந்தது. தட்டு வெட்டும் டையில் பிசிர் வந்துகொண்டிருந்தது. டையைச் சாணை பிடித்தாலும் சில நாளில் மறுபடியும் வரும். இந்த முறை அதை மட்டும் சொன்னேன்: "டை தேஞ்சு போறதாலதான் பிசிர் வருதா, வேற காரணம் இருக்கான்னு மட்டும் பாருங்க." பிரஸ் ஓட்டும் அக்கா பிசிரை நகத்தால் தடவிப் பார்த்தே "இது போகாது, இது போகும்" என்பார். அந்த மாணவிகள் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் ஒதுக்கிய துண்டுகளை எல்லாம் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதினார்கள். பத்து நாளில் விஷயம் வெளியே வந்தது. டை மேல் தப்பே இல்லை. 0.8 மில்லிமீட்டர் என்று வாங்கிய தகடு, சில கட்டில் அதைவிட மெல்லியதாக இருந்தது. டைக்கும், தகட்டை அதற்குள் அழுத்தி வெட்டும் 'பஞ்ச்' கருவிக்கும் நடுவில் விடுகிற இடைவெளி தகட்டின் கனத்தை வைத்துத்தான் தீர்மானமாகும். தகடு மெலிந்தால் அதே இடைவெளி அதற்கு அதிகமாகிவிடும், பிசிர் கிளம்பும். அதற்குப் பிறகு தகடு இறங்கும்போதே அளந்து வாங்க ஆரம்பித்தோம். செலவு ஒரு மைக்ரோமீட்டர்தான்.

நான் அந்தத் தொழிலில் பல வருடம் இருந்தவன். தகட்டை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டையைப் பற்றி அதிகம் தெரிந்ததால் டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் மாமனார் கேட்டதற்கு என் பதில் இது: அப்பளத்தைப் பற்றிப் படித்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாதுதான். அது உங்கள் வீட்டில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது அளக்கிற பழக்கமும், உட்கார்ந்து அளக்க நேரமும். நம் பட்டறைகளில் இல்லாதது அந்த இரண்டும்தான். ஆகவே நம்பலாம், தாராளமாக நம்பலாம். ஆனால் கேள்வியோடு போக வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். பாக்கெட்டுக்குள் போன பிறகு விரிசல் விடுவது பிஸ்கட் தொழிலில் பழைய நோய். அடுப்பிலிருந்து வரும் பிஸ்கட்டில் ஓரம் நன்றாகக் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் மிச்சம் இருக்கும். பாக்கெட்டுக்குள் போனதும் நடுவில் உள்ள ஈரம் மெல்ல ஓரத்துக்கு நகரும். ஈரம் வாங்கிய ஓரம் விரியும், ஈரம் இழந்த நடு சுருங்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்க, யாரும் தொடாமலே மெல்லிய கோடு விழும். உங்கள் அப்பளத்தில் நடப்பது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். டிரையருக்குள் அளந்து பார்த்தால்தான் உறுதியாகும்.

டிரையரை எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மழைக்காலத்தில் வேகமாகக் காய வேண்டும் என்று 60 டிகிரிக்கு ஏற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்குச் சொல்கிறேன். மழை நாளில் வெளிக்காற்று 28 டிகிரி, அதன் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினாலே அதன் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு இருக்கிறது என்கிற கணக்கு, 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கிட்டத்தட்ட நம்மூர்க் கோடை மத்தியானக் காற்று மாதிரி. அதையே 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் 17 சதவீதம் ஆகிவிடும். அவ்வளவு வறண்ட காற்று மதுரை வெயிலில் உங்கள் மொட்டை மாடிக்கு வருவதே அபூர்வம். அப்பளத்தின் ஓரமும் மேற்பரப்பும் சட்டென்று காய்ந்து இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரத் திணறும். மாடியில் வெயில் ஏறி இறங்கும், மேகம் வரும், காற்று நிற்கும், நடுவில் உங்கள் ஆட்கள் அப்பளத்தைப் புரட்டிப் போடுவார்கள். அந்த இடைவெளிகளில் உள் ஈரமும் வெளி ஈரமும் சமன் ஆகிக்கொள்ளும். டிரையர் அந்த ஓய்வைக் கொடுப்பதில்லை.

நெல் ஆலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவித்த நெல்லை ஒரே மூச்சில் காய வைத்தால் அரவையில் குருணை அதிகமாகும் என்று, பாதி காய்ந்ததும் குவித்துச் சில மணி நேரம் போட்டுவைத்து, பிறகு மறுபடியும் காய வைப்பார்கள். அப்பளத்துக்கும் அந்த ஓய்வு பலன் தருமா, தரும் என்றால் எப்போது, எவ்வளவு நேரம்? இதுதான் ஒரு மாணவர் எடுத்துச் செய்யக்கூடிய கேள்வி.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாவில் 30 சதவீதம் ஈரம் இருந்து, காய்ந்த அப்பளத்தில் 14 சதவீதம் நிற்க வேண்டும் என்றால், 100 கிலோ மாவிலிருந்து 18 கிலோவுக்கும் மேல் தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு குடத்துக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாகி டிரையருக்குள் சுற்றுகிறது. சூடு வெளியே போகிறதே என்று புகைபோக்கியை மூடி வைத்தால் அந்த ஆவி உள்ளேயே நிற்கும். மேல் டிரே ஒரு மாதிரியும் கீழ் டிரே ஒரு மாதிரியும் காயும். உங்களிடம் நொறுங்குவது எல்லா டிரேயிலுமா, குறிப்பிட்ட டிரேயிலா? கல்லூரிக்குப் போவதற்கு முன் இதை மட்டுமாவது பார்த்து வையுங்கள்.

அதற்கு அதிகம் தேவையில்லை. ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதோடு நீங்கள் பாக்கெட் போடுகிற தராசு, ஒரு நோட்டு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று 3 டிரேக்களில் பெயின்டால் அடையாளம் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த டிரே அப்பளங்களைத் தனியாகப் பாக்கெட் போட்டு, நாள், நேரம், டிரே எண் எழுதி, 5 நாள் கழித்துப் பிரித்து எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பள்ளிக்கூடப் படிப்பு முடித்த ஒரு பெண் போதும் இதற்கு. இந்த ஒரு நோட்டை மேசை மேல் வைத்தால் எந்தப் பேராசிரியரும் உங்களை உட்கார வைத்துப் பேசுவார். நான் பார்த்துச் சொல்கிறேன், 'பிரச்சினை இருக்கிறது' என்று வருபவர்கள் நிறையப் பேர். அளந்த நோட்டோடு வருபவர்கள் வருடத்துக்கு ஒருவரோ இருவரோதான்.

யாரிடம் போவது? பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரிக்கோ, சொந்தக்காரப் பையன் படிக்கிற கல்லூரிக்கோதான் போகிறோம். முதலில் இது எந்தத் துறையின் நோய் என்று பார்க்க வேண்டும். உங்களுடையது உணவு பதப்படுத்தும் துறையின் வேலை, டிரையருக்குள் காற்று ஓடுகிற விஷயத்தில் கொஞ்சம் மெக்கானிக்கல் வேலை.

ஆகவே நான் முதலில் உங்களை ஒத்தக்கடைக்கு அனுப்புவேன். யானைமலை அடிவாரத்தில் 1965-இல் தொடங்கிய வேளாண் கல்லூரி இருக்கிறது. அதே வளாகத்தில்தான் மனையியல் கல்லூரி என்று நம்மூரில் எல்லோரும் சொல்கிற, இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி என்று பெயர் மாறிய கல்லூரியும் இருக்கிறது. உணவு பதப்படுத்துவது அங்கே பாடம், ஆய்வு இரண்டுமே. வேளாண் தொழில் செய்பவர்களுக்கு உதவ நபார்டு ஆதரவோடு நடக்கிற 'மாபிஃப்' தொழில் வளர் மையமும் அங்கேதான். வில்லாபுரத்திலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

டிரையரையே மாற்றி அமைக்க வேண்டும் என்று வந்தால் திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி மாதிரி மெக்கானிக்கல் துறை வலுவாக உள்ள இடம் வேண்டும். 1957-இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய கருமுத்து தியாகராசர் நூற்பாலை நடத்தியவர். மதுரையில் ஆலையும் கல்லூரியும் ஒரே கையால் கட்டப்பட்டவை என்பதை நாம் மறந்துவிட்டோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கப்பலூரிலிருந்து அங்கே பைக்கில் கால் மணி நேரம். நான் பட்டறை நடத்திய காலத்தில் முதல் பத்து வருடம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேனே தவிர, உள்ளே போய் ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்தையும் மனதில் வையுங்கள். இன்று மத்திய அரசின் பெரிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். அதன் வேர் நெல் பதன ஆராய்ச்சி மையம். டெல்டாவில் அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலையில் பிறந்த இடம். உங்கள் கவலையும் அதுதானே, நெல்லுக்குப் பதில் அப்பளம். போய்வர ஒரு நாள் ஆகும், அதனால் ஒத்தக்கடையில் பார்த்த பிறகு தேவைப்பட்டால் போகலாம்.

வேறு தொழில் செய்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். முலாம் பூசுகிறவர்கள், துரு, பேட்டரி சம்பந்தமான தொழில்காரர்கள் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக், பேக்கிங் கவர் சம்பந்தமானது என்றால் மதுரையிலேயே சிப்பெட் மையம் இருக்கிறது.

கல்லூரிக்குள் நுழைந்ததும் எல்லோரும் முதல்வர் அறையைத் தேடுவார்கள். போய் வணக்கம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் வேலையைச் செய்யப்போவது துறையில் இருக்கிற ஓர் ஆசிரியர். அந்தத் துறையில் உலர்த்துதலைப் பற்றி யார் ஆய்வு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். அவருக்கும் நீங்கள் தேவை. தொழிற்சாலையோடு சேர்ந்து செய்த வேலை, ஆலோசனைக் கட்டணமாக வந்த பணம் இதையெல்லாம் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழுவுக்கும் தேசியத் தரவரிசைக்கும் கல்லூரி கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் உதவி கேட்டுப் போகிறோம் என்று கூச்சப்பட வேண்டாம்.

இப்போது காலண்டர். இதில்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். உங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். சரக்கு திரும்பி வந்த கோபத்தில் கார்த்திகைக் கடைசியில் கல்லூரிக்குப் போவீர்கள். அப்போது அங்கே செமஸ்டர் பரீட்சை நடக்கும். ஜனவரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட் ஆரம்பமாகும், ஏப்ரலில் முடியும். அந்த நான்கு மாதமும் மதுரையில் வானம் வெளுத்துக் கிடக்கும். மழைக்கால நோயை வெயில் காலத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். உங்கள் வீட்டுக்கு வந்த 4 பேரும் தை, மாசியில்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் இளநிலை மாணவர் புராஜெக்ட் உங்களுக்கு வேண்டாம். முதுகலை மாணவர் ஒருவரைக் கேளுங்கள். அவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஆய்வேடுதான் முக்கிய வேலை. ஆகஸ்டில் தலைப்பு எடுத்தால் அக்டோபர், நவம்பர் மழையில் உங்கள் கம்பெனியில் நின்று அளக்க முடியும், தை மாதத்துக்கு மேல் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்து, சித்திரைக்குள் முடிவு சொல்ல முடியும். அடுத்த ஐப்பசிக்கு நீங்கள் தயாராக இருப்பீர்கள். இதற்கு ஆசிரியரை நீங்கள் ஆனி மாதத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். இப்போது வைகாசி. நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

அளவெடுத்துச் சோதனை செய்து தருவதற்கு மட்டும், அதாவது இந்த அப்பளத்தில் ஓரத்தில் ஈரம் எவ்வளவு, நடுவில் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் மாணவரே வேண்டாம். ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சில நாளில் முடிவு வந்துவிடும். சில சமயம் அதிலேயே வழியும் தெரிந்துவிடும். ஒரு மாணவருடைய ஒரு வருடத்தை அதற்காக வாங்காதீர்கள்.

செலவு. மாணவர் ஆய்வேடு என்றால் பொருள் செலவு, சோதனைக் கட்டணம், அந்தப் பிள்ளை வந்து போகிற பஸ் செலவு, சாப்பாடு. கூடவே மாதம் ஏதாவது உதவித்தொகை கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். சும்மா வேலை வாங்கினால் அந்த வேலைக்கும் மதிப்பு இருக்காது, அந்தப் பிள்ளைக்கும் இருக்காது. பேராசிரியரே பொறுப்பெடுத்து ஆலோசனை சொன்னால் அது தனி, கல்லூரி வழியாகக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எதுவானாலும் பணத்தைக் கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். மாணவர் கையில் 25,000 கொடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் பிடி விட்டுப்போனது. அந்தப் பணத்துக்குக் கல்லூரியில் யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

அரசு உதவியும் உண்டு. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம் உங்களைப் போன்ற சிறு தொழில்களுக்காகவே வந்தது. ஒரு கல்லூரியையோ ஆய்வகத்தையோ துணைக்கு வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க முதல் வகையில் 2 லட்சம் வரை, செய்து பார்த்ததைச் சந்தைக்குக் கொண்டுவரும் அடுத்த வகையில் 5 லட்சம் வரை கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். வேலையைத் தொடங்கிய பிறகு கேட்காமல், தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். மதுரை சிறு தொழில்காரர்களின் சங்கமான மடீட்சியாவில் உறுப்பினர் என்றால் அங்கேயும் விசாரியுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் இருப்பார்கள், விண்ணப்பம் எழுதிய அனுபவம் உதவும்.

மாவுப் பக்குவம் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. மாமனார் காலத்துப் பக்குவம், அதுதான் சொத்து. நல்ல சேதி என்னவென்றால், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. உளுந்து எவ்வளவு, அப்பளக் காரம் எவ்வளவு என்று தெரியாமலே அப்பளம் காய்வதை அளக்கலாம். மாவை நீங்களே பிசைந்து, தேய்த்து, டிரேயில் வைத்துக் கொடுங்கள். அவர்கள் அதற்குப் பிறகு நடப்பதை மட்டும் பார்க்கட்டும். பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஏற்கெனவே அச்சடிக்கிறீர்கள், ஆனால் அளவு போட வேண்டியதில்லை அல்லவா, அதே எல்லைதான் இங்கேயும்.

ஆனாலும் ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் போதும். என்ன கேள்வி, எத்தனை மாதம், யார் எவ்வளவு செலவு, கம்பெனிக்குள் எதைப் போட்டோ எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, ஆய்வேட்டில் கம்பெனி பெயர் வரலாமா. முக்கியமாக ஒரு வரி: ஆய்வுக் கட்டுரையாக வெளியிடுவதற்கு முன் உங்களிடம் காட்ட வேண்டும். கட்டுரையே எழுதக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், அது அந்த மாணவருக்கும் ஆசிரியருக்கும் கூலி மாதிரி. ஆனால் டிரையரில் புதிதாக ஏதாவது அமைப்பு வந்து, அதற்குக் காப்புரிமை வாங்கலாம் என்று தோன்றினால், கட்டுரை முதலில் வெளியாகிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை. அது யார் பெயரில், வருமானம் எப்படிப் பங்கு என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். ஒன்றும் வராத நாளில் பேசுவது சுலபம்.

அப்புறம் இது எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது. உங்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். மாணவர் வரும் நாளில் "அம்மா வெளிய போயிருக்காங்க, அப்புறம் வாங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினால் மூன்றாவது தடவை அந்தப் பிள்ளை வராது. நல்ல ஆசிரியர், நல்ல கேள்வி எல்லாம் அமைந்து, இந்த ஒரு காரணத்தால் நின்றுபோன வேலைகளை இந்த 14 வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். வாரத்தில் ஒரு அரை நாள், வியாழன் என்றால் வியாழன், அந்த நேரம் மாணவருக்கு. டிரையர் பார்த்துக்கொள்கிறவர் கூடவே இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை நீங்களே உட்கார்ந்து, இதுவரை என்ன தெரிந்தது என்று கேளுங்கள்.

அந்தப் பேச்சில் மாமனாரையும் உட்கார வையுங்கள். அவர் எதிராளி இல்லை. அப்பளம் காய்ந்துவிட்டதா என்று அவர் எப்படிப் பார்க்கிறார்? விரலால் மடக்கியா, காதருகே தட்டியா, நாக்கில் வைத்தா? அந்த மாணவர் முதல் வாரம் முழுக்க அவர் பக்கத்தில் நிற்கட்டும். அவர் "ஆச்சு" என்று சொல்கிற நொடியில் அந்த அப்பளத்தை எடுத்து எடை போட்டு, ஈரம் அளக்கட்டும். மாடியில் எத்தனை சதவீதத்தில் அவர் "ஆச்சு" என்கிறார், டிரையரிலிருந்து எத்தனை சதவீதத்தில் எடுக்கிறோம் என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் அங்கேயே எழுதியாகிவிடும். அன்றைக்கு அவருக்கும் அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு பிடிப்பு வரும், வந்ததைப் பார்த்திருக்கிறேன். என் பட்டறை அக்கா, அந்த இரண்டு மாணவிகளில் ஒருத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு போனார்.

பரணில் கிடக்கும் பெட்டியை எறிய வேண்டாம். சென்சார் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் டிரையருக்குள் நடு டிரேயில் வைத்துவிடலாம், மீட்டர் செலவு மிச்சம்.

ஒத்தக்கடைக்குப் போகும்போது நோட்டோடு இரண்டு பாக்கெட் எடுத்துப் போங்கள். ஒன்றில் மாடியில் காய்ந்தது, இன்னொன்றில் டிரையரில் காய்ந்தது. இரண்டிலும் காய்ந்த தேதியும் பாக்கெட் போட்ட தேதியும் எழுதியிருக்கட்டும். டிரையர் பாக்கெட் 5 நாள் பழசாக இருக்க வேண்டும். மேசையில் அவர்கள் கண் முன்னால் பிரியுங்கள். போய்வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.